எடுத்தாச்சு

முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஆறு கட்டங்கள்.
திகதி, நேரம், பெயர், ஒழுங்கை,
என்ன குப்பை,
கடைசியில் எடுத்த நடவடிக்கை.
ஆறாவது கட்டத்தில் பன்னிரண்டு வருடமாக
ஒரே சொல்லைத்தான் எழுதிவருகிறேன்:
எடுத்தாச்சு.

கொட்டடியில் செத்த நாய். எடுத்தாச்சு.
கந்தர்மடத்தில் மதிலுக்கு மேலால்
இரவிரவாய் விழுந்த பம்பேர்ஸ்.
(எறிந்தவரின் பெயரைக் கட்டத்துக்கு வெளியே
பென்சிலால் எழுதச் சொன்னார் ஒருவர். எழுதினேன்.)
நல்லூர்த் தேர் முடிந்த விடியலில்
கச்சான் கோதும் ஐஸ்கிறீம் கோப்பையும்
லோட் லோடாய். எடுத்தாச்சு.
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்
வாழையிலையும் சோறும் சொப்பின் பையும்
ஒன்றாய்ப் புளித்து நுரைத்து...
"தங்கச்சி, பிரிச்சு வைக்கச் சொல்லுறியள்.
பிரிச்சு வைச்சதை ஒரே மெசினிலதானே ஏத்துறியள்?"
அதற்குக் கட்டம் இல்லை.

சோளகம் ஓயப்போகிற ஒரு வியாழக்கிழமை.
"ஜெசிந்தா கதைக்கிறன். கல்லுண்டாய் வெளி."
என்ன குப்பை எண்டு சொல்லுங்கோ, என்றேன்.
"எல்லாம்," என்றாள்.

குரலில் கோபம் இல்லை.
காயப்போட்ட உடுப்பை மூன்றாம் தரமும்
தோய்க்கிறவளின் களைப்பு மட்டும்.
இரவு மேட்டில் தானாய் நெருப்புப் பிடிச்சதாம்.
யன்னலுக்கு ஈரச் சேலை கட்டிப் படுத்தார்களாம்,
சின்னவன் விடியும்வரை இருமினானாம்.
மாரி பிறந்தால் கறுத்தத் தண்ணி வடிந்து
பரவைக்கடலுக்குள் இறங்குமாம்.
கூழைக்கடா வந்து நிற்கிற அந்த இடத்தில்
கூடு வைத்த புருசனுக்குப் போன கிழமை
அகப்பட்டது அரைக் கிலோ இறாலும்
பொம்மைப் பிள்ளையின் கால் ஒன்றும்.

எழுதிக்கொண்டே போனேன்.
கட்டம் தாண்டி அடுத்த வரிக்கும் வழிந்தது.

"உங்கட பேர் சுகுணவதி எண்டுதானே சொன்னீங்கள்?
அரியாலையோ?"
பேனா நின்றது.
"உங்கட கரண்ட் பில் எங்கட வேலியில
ஒட்டிக்கொண்டு கிடக்குது அக்கா.
ஆடி மாசக் காசு கட்டேல்லப் போல,
நிலுவை காட்டுது.
வெட்டிப்போடுவாங்கள். அதான், சொல்லுவம் எண்டு."

திங்கட்கிழமை விசில் கேட்டு ஓடிப்போய்க்
கொடுத்த பைதான் அது.
விளைமீன் செதில், தேயிலைச் சக்கை,
மகள் பிழைவிட்டுக் கிழித்த கணக்குக் கொப்பி,
பழுதாய்ப்போன பற்றறி இரண்டு.
இரண்டு முடிச்சுப் போட்டேன்.
கையைக் கழுவினேன்.
கழுவினால் முடிந்தது என்றுதானே.

"அக்கா, லைனில நிக்கிறியளோ?"

பின்னேரம் தலைமை லிகிதர்
ஆறாவது கட்டம் ஏன் வெறுமை என்று கேட்டார்.
எடுத்ததெல்லாம் போய்ச்சேருகிற இடத்திலிருந்து
எடுத்து எங்கே கொண்டுபோகிறது சேர், என்றேன்.
அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்த ரிசுவைக் கூடைக்குள் போட்டார்.

குழி வெட்டித் தாழ்ப்பம், சின்ன வேலை,
என்கிறார் வீட்டில் மச்சான்.
தாழ்க்கலாம். இந்த மண்ணுக்கு
அடித்தட்டு இருந்தால்.
சுண்ணக்கல் மச்சான். கல்லெல்லாம் ஓட்டை,
ஓட்டையெல்லாம் தண்ணி.
உங்கட வளவில் விட்டது
ஆரோ ஒருத்தியின் வாளியில் ஏறும்.
மேலே நாங்கள் மதில் கட்டிப் பிரிந்துவிட்டோம்.
கீழே கிணறுகள் இன்னும் கூட்டுக் குடும்பம்.

வெள்ளிக்கிழமை பில்லைக் கட்டினேன்.
அவளுக்குச் சொல்ல இரண்டுமுறை எடுத்தேன்;
போன் வேலை செய்யவில்லை.
ரசீது கைப்பைக்குள் கிடக்கிறது,
நாலாய் மடித்தபடி.
மேசைக்குக் கீழே கூடை இருக்கிறது.
வாயைத் திறந்துகொண்டு.